இசக்கி ஏன் மாடனின் சைக்கிளை வாய்க்காலில் போட்டான்: ஒரு நிகழ்வு ஆய்வு

16 வயதுப் பையன் ஒருவன் தன் சேக்காளியின் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கி, கரைதட்டிப் போய்க்கொண்டிருக்கும் கோடகன் கால்வாயில் வீசுகிறான். சுற்றி நிற்கிற ஆறேழு பேர் விசில் அடிக்கிறார்கள். சேக்காளி ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவ்வளவுதான் சம்பவம். யாருக்கும் ரத்தம் வரவில்லை, விஷயம் போலீஸ் ஸ்டேஷனுக்கும் போகவில்லை. நான் சில வருஷமாக எழுதிக்கொண்டிருக்கும் குறுநாவலின் நடுவில் இது வருகிறது. இந்த ஒரு பக்கத்துக்கு வந்துசேர எனக்கு மூன்று பிரதிகள் ஆயின.

கதை எழுதுகிற நண்பர்கள் பலர், தடுமாறி நிற்கும் ஒரு வளரிளம் பையனையோ பெண்ணையோ எழுத உட்காரும்போது அகப் போராட்டம் ஒரு பக்கம், புறப் போராட்டம் ஒரு பக்கம் என்று பிரித்துக்கொள்கிறார்கள். நானும் நோட்டில் நடுக்கோடு கிழித்துத்தான் ஆரம்பித்தேன். இடது பக்கம் பயம், குற்றவுணர்வு, அப்பா மேல் ஏக்கம். வலது பக்கம் சாதி, பள்ளிக்கூடம், கைச்செலவுக்குக் காசில்லாதது. கடைசியில் பார்த்தால் அந்தக் கோடுதான் பையனை எழுந்து நடக்கவிடாமல் பிடித்து வைத்திருந்தது. உள்ளே நடப்பதும் வெளியே நடப்பதும் ஒரே செயலில் வந்து முட்டுகிற இடத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் இசக்கிக்கு உயிர் வந்தது. அதற்கு முன்னால் எங்கெல்லாம் விழுந்தேன் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் விழுந்த இடங்களில்தான் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கிறது.

ஊரும் ஆட்களும்

கதை நடக்கும் ஊருக்குப் பெயர் வைக்கவில்லை. பேட்டையிலிருந்து முக்கூடல் போகிற வழியில், கல்லூர் பக்கம், வாய்க்கால் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு பூ நெல் விளையும் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலம் உள்ளவர்கள் விதைக்கிறார்கள், இல்லாதவர்கள் அவர்கள் வயலில் இறங்குகிறார்கள். ஆண்களில் ஒரு பங்கு சென்னைக்கும் மும்பைக்கும் கடை வேலைக்குப் போய்விட்டார்கள், கோயில் கொடைத் திருவிழாவுக்குத்தான் ஊர்ப்பக்கம் வருவார்கள். வீட்டில் இருக்கும் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள்.

இசக்கியின் அப்பா மும்பையில் ஒரு பலகாரக் கடையில் நிற்கிறார். அம்மா திண்ணையில் காலை நீட்டி, மடியில் தட்டை வைத்துக்கொண்டு, இலையை வெட்டித் தூள் வைத்துச் சுருட்டி நூல் சுற்றுவாள். 25 பீடி ஒரு கட்டு. ராத்திரி அவளுக்கு முதுகு வலித்தால் இசக்கி பக்கத்தில் உட்கார்ந்து பீடியின் வாயை மடக்கிக் கொடுப்பான். அதைத் தன் வகுப்புப் பையன் யாராவது பார்த்துவிடுவானோ என்று தெருவைப் பார்த்துக்கொண்டேதான் மடக்குவான்.

மாடன், அதாவது மாடசாமி, வேறு தெரு. வேறு தெரு என்றால் எங்கள் பக்கத்தில் வேறு சாதி என்று அர்த்தம், திருநெல்வேலிக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டாம். அவன் அப்பா இசக்கியின் பெரியப்பா வயலில் வேலை பார்க்கிறார். இரண்டு பையன்களுக்கும் இருப்பது காவல் தெய்வங்களின் பெயர். இசக்கி, மாடன், பேச்சி, சுடலை என்று எங்கள் ஊர்களில் பல சமூகத்தாரும் வைக்கும் பெயர்கள்தான் இவை, பெயரை வைத்து ஆளை இன்னார் என்று சொல்லிவிட முடியாது. வேண்டுமென்றேதான் அப்படி வைத்தேன். பிளஸ் ஒன் சேர்ந்ததும் இருவருக்கும் அரசாங்க சைக்கிள் கிடைக்கிறது, ஒரே மாதிரி, ஒரே நிறம். வாய்க்கால் கரையோடு மெயின் ரோடு வரை ஒன்றாக மிதிப்பார்கள், டீக்கடை ஓரத்தில் சாத்திவிட்டுப் பஸ் ஏறுவார்கள். மாடன் தன் சைக்கிளின் ஸ்போக்ஸ் கம்பியில் பிளாஸ்டிக் பாசிமணி கோத்திருக்கிறான், சுற்றும்போது கடகடவென்று சத்தம் வரும்.

அப்புறம் கயிறு. கொடை முடிந்த மறுநாள், பெரியப்பா மகன் தெருப் பையன்கள் எல்லார் கையிலும் ஒரு நிறக் கயிறு கட்டிவிடுகிறான். சாமி கயிறு என்றுதான் பெயர். பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததும் அது யார் எந்தப் பக்கம் என்று சொல்கிற அடையாளமாகிவிடும்.

இது என் கற்பனை இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2019-ல் பள்ளிக்கல்வித் துறையிலிருந்தே ஒரு சுற்றறிக்கை போனது: மாணவர்கள் சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி நிறங்களில் கயிறு கட்டி வருகிறார்கள், விளையாட்டு அணிக்கு ஆள் சேர்ப்பதும் இடைவேளையில் கூட்டம் சேர்வதும்கூட அதை வைத்து நடக்கிறது, தடுத்து நிறுத்துங்கள் என்று. அந்த ஆகஸ்டு மாதமே துறை அமைச்சர், அது தன் கவனத்துக்கு வராமல் அனுப்பப்பட்டது, பழைய நிலையே தொடரும் என்று சொல்லிவிட்டார். என் கதை அந்த இடைவெளிக்குள் நடக்கிறது. தலைமையாசிரியர் பிரேயரில் சுற்றறிக்கையை வாசிக்கிறார், பி.டி. சார் கத்தரிக்கோலோடு வரிசையாக வருகிறார், இசக்கியின் கயிறு அறுந்து விழுகிறது. சில நாள் அவன் வெறுங்கையோடு இருக்கிறான். கயிறு இருந்த இடத்தில் வெயில் படாத தோல் வெளுத்து ஒரு வளையமாகத் தெரிகிறது. யார் கேட்டாலும் "சார் அறுத்துட்டாரு" என்று சொல்லிக்கொள்ளலாம், அந்தச் சில நாள்தான் அவனுக்கு அந்த வருஷத்திலேயே நிம்மதியான நாட்கள். செய்தி மாறியதும் அண்ணன் மறுபடி கட்டிவிடுகிறான்.

முதல் பிரதி: ஒற்றைக் காரணம்

முதல் பிரதியில் நான் செய்த தப்பு, அவனுக்கு ஒரு குடிகார அப்பாவைக் கொடுத்தது. எட்டாவது பக்கத்தில் பெல்ட்டால் அடி, முப்பதாவது பக்கத்தில் அந்த அடி நினைவுக்கு வருகிறது, நாற்பதாவது பக்கத்தில் அவன் மாடனை அடிக்கிறான். கூட்டல் கணக்கு மாதிரி. பாளையங்கோட்டையில் மாதம் ஒருமுறை கூடி வாசிக்கும் நாங்கள் ஏழெட்டுப் பேர் உண்டு. அதில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இருக்கிறார், 30 வருஷத்துக்கு மேல் பதினொன்றாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் எடுத்தவர். அவர் கேட்டார், "அப்பன் அடிச்ச பிள்ளைக எல்லாம் இன்னொருத்தன அடிக்குதா? என் வகுப்புல அடி வாங்குன பையன்தான் மத்தவன் சண்டைய விலக்கப் போவான்." பதில் சொல்ல முடியவில்லை.

பழைய காயம் ஒன்றைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கிவிடும் பழக்கம் நம் கதைகளில் அதிகமாகிவிட்டது என்று நினைக்கிறேன். காயம் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் விளக்கம் வந்த உடனே வாசகர் அவனைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார், பரிதாபப்பட்டு நகர்ந்துவிடுகிறார். உள்ளே நடப்பது போராட்டமாக இருக்க வேண்டுமென்றால் அங்கே குறைந்தது இரண்டு தேவைகள் ஒன்றையொன்று இழுக்க வேண்டும். பெல்ட் அடி வெறும் வலி, அது எதையும் இழுப்பதில்லை. எனவே அந்த அப்பாவைத் தூக்கிவிட்டு, மும்பையில் இருக்கும், போனில் "நல்லாப் படிய்யா" என்பதைத் தவிர வேறொன்றும் பேசத் தெரியாத, நல்ல மனிதரான ஓர் அப்பாவை வைத்தேன். அவர் நல்லவராக ஆனதும் இசக்கியின் நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. யார் மேலும் பழிபோட முடியவில்லை. அப்பா இல்லாத வீட்டில் ஆண்பிள்ளைக்கு வழி சொல்ல வருகிறவன் பெரியப்பா மகன். அவன் கெட்டவன் என்று தள்ளிவிடவும் முடியாது, ஏனென்றால் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த ராத்திரி பைக்கில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவன் அவன்தான்.

சாதிக்கயிற்றையும் பீடி நூலையும் ஒப்பிட்டு முதல் பிரதியில் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். எழுதும்போது ரொம்பப் பிடித்திருந்தது. டீச்சர் சொல்லாமலே எடுத்துவிட்டேன், அது இசக்கியின் யோசனை இல்லை, என்னுடையது.

இரண்டாம் பிரதி: தப்பி ஓடும் வழி

இந்தப் பிரதியில் இசக்கிக்கு உண்மையான இழுபறி இருந்தது. மாடனை விடவும் மனசில்லை, தெருவை எதிர்க்கவும் தைரியமில்லை. பாதி தூரம் நன்றாகப் போனது. அப்புறம், நான் திட்டமிடாமலே, அவன் ரயில் ஏறி மும்பைக்குப் போய்விட்டான். நாலைந்து முறை மாற்றி எழுதியும் ஒவ்வொரு தடவையும் அவனை எங்கேயாவது ஓடவைத்துக்கொண்டே இருந்தேன். ஒருமுறை சித்தி வீட்டுக்கு, ஒருமுறை ஹாஸ்டலுக்கு.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு விடை கதைக்கலைப் புத்தகத்தில் கிடைக்கவில்லை, உளவியலில் கிடைத்தது. கர்ட் லெவின் என்ற உளவியலாளர் 1930-களில் மனப்போராட்டங்களை வகை பிரித்தார். இரண்டு நல்லதுக்கு நடுவில் மாட்டுவது ஒன்று, ஒரே விஷயம் இழுக்கவும் தள்ளவும் செய்வது ஒன்று, இரண்டு வேண்டாததுக்கு நடுவில் மாட்டுவது ஒன்று. இந்த மூன்றாவது வகையில் ஆள் எதையும் தேர்ந்தெடுக்க மாட்டான், களத்தை விட்டே வெளியேறப் பார்ப்பான் என்பது அவர் கண்டது. அவனை அந்தப் போராட்டத்துக்குள் நிறுத்த வேண்டுமென்றால் சுற்றிலும் தடுப்பு இருக்க வேண்டும். இதைப் படித்ததும் எனக்குத் தலையில் விளக்கு எரிந்த மாதிரி இருந்தது. இசக்கி ஓடியதில் அவன் தப்பு ஒன்றுமில்லை. நான்தான் எல்லாக் கதவையும் திறந்து வைத்திருந்தேன்.

புறப் போராட்டம் என்று சொன்னதும் எதிரி, சண்டை, அடிதடி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பையனுக்கு அதில் பெரும்பங்கு இந்தத் தடுப்புகள்தான். ஊருக்கு ஒரே பஸ், அதற்கும் நேரம் உண்டு. அம்மா பீடிக் கணக்கு வைத்திருக்கும் கடையை விட்டு வேறூர் போக முடியாது. அப்பா போனில், "இங்க வந்து என்னலே செய்வ, பத்துப் பேரு ஒரு ரூம்ல படுத்துக் கெடக்கோம்" என்கிறார். சித்தி வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறது, வயசுப் பையனை வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஒவ்வொன்றும் சின்ன விஷயம், யாரும் அவனுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. எல்லாம் சேர்ந்து பூட்டிக்கொள்கின்றன. வெளி உலகம் தன் போக்கில் இருந்தாலே போதும், பையனின் உள்ளே இருப்பதை அது பிழிந்துவிடும்.

இந்தப் பிரதி எழுதிக்கொண்டிருந்தபோதுதான் 2023 ஆகஸ்டு. நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனையும் தடுக்க வந்த அவன் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அந்த வாரம் நோட்டை மூடிவைத்தேன், பல மாதம் திறக்கவில்லை. கயிறு கட்டிய தரப்புப் பையனின் மனசுக்குள் புகுந்து எழுதுகிறோமே, இது யாருக்கு உதவும், வெட்டுப்பட்ட பையனின் வீட்டார் படித்தால் என்ன நினைப்பார்கள் என்ற கேள்வி போகவே இல்லை. பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை அரசு ஒருநபர் குழுவாகப் போட்டது, 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கயிறு, மோதிரம், நெற்றியில் இடும் அடையாளம், சாதி நிறம் பூசிய சைக்கிள் எல்லாம் கூடாது என்ற பரிந்துரை அதில் இருக்கிறது. சைக்கிள் என்ற சொல்லைப் பார்த்ததும்தான் என் கதையில் டீக்கடை ஓரத்தில் சாத்தி வைத்திருந்த இரண்டு சைக்கிள்கள் ஞாபகம் வந்தன. அதுவரை அவை சும்மா நின்றுகொண்டிருந்தன.

திரும்ப எழுத உட்கார்ந்தபோது எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொண்டேன். இசக்கியின் உள்ளே என்ன நடந்தாலும் அது மாடனுக்கு நடந்ததைக் குறைத்துக் காட்டக் கூடாது. இந்திய சிறார் சட்டத்தில் 'குற்றவாளி' என்ற சொல்லைத் தவிர்த்து, சட்டத்தோடு முரண்பட்ட சிறார் என்றுதான் சொல்கிறார்கள். 2015 சட்டப்படி, 16 வயது முடிந்த ஒருவன் கொடிய குற்றம் செய்ததாகச் சொல்லப்பட்டால் சிறார் நீதி வாரியம் முதலில் ஒரு மதிப்பீடு செய்ய வேண்டும்: அவனுக்கு மனத்திறனும் உடல்திறனும் இருந்ததா, விளைவைப் புரிந்துகொள்ளும் சக்தி இருந்ததா, எந்தச் சூழ்நிலையில் செய்தான். உள்ளேயும் பார், வெளியேயும் பார் என்று சட்டமே சொல்கிறது. ஆனாலும் அடிபட்டவன் கதை அதோடு முடிந்துபோவதில்லை. இதை மறந்தால் நம் கதை வக்கீல் வாதமாகிவிடும்.

ஒரு பையன் சொன்னது

மூன்றாவது பிரதிக்கு முன்னால், தெரிந்தவர் வீட்டுப் பிளஸ் டூ பையன் ஒருவனிடம் இருபது பக்கம் கொடுத்தேன். ரெண்டு நாளில் திருப்பித் தந்தான். தயங்கித் தயங்கிச் சொன்னான், "நல்லாத்தான் இருக்கு சார். ஆனா இவன் எப்பப் பாத்தாலும் யோசிச்சிக்கிட்டே இருக்காம்லா. நாங்க அப்படில்லாம் யோசிக்க மாட்டோம். செஞ்சிருவோம். அப்புறம் ராத்திரிதான் தூக்கம் வராது."

இந்த ஒரு பேச்சு என் பிரதியைப் புரட்டிப் போட்டது. நான் அகப் போராட்டத்தைச் செயலுக்கு முன்னால் வைத்திருந்தேன்: யோசனை, குழப்பம், முடிவு, செயல் என்று பெரியவர்கள் பாணியில். அந்த வயசில் வரிசை தலைகீழ். கை முதலில் போகிறது, மனசு பின்னால் ஓடிவந்து, இது என்ன செய்துவைத்திருக்கிறாய் என்று கேட்கிறது. அதற்காகக் கை குருட்டுத்தனமாகப் போவதாகவும் எழுதக் கூடாது. பையன் தனக்கே சொல்லிக்கொள்ளாத ஒன்று அந்தக் கைக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது சம்பவத்தை மறுபடி பாருங்கள். காலையில் பஸ்ஸில் கடைசி சீட் ஜன்னலோரம் மாடன் உட்கார்ந்துவிட்டான். அது பிளஸ் டூ அண்ணன்மார் இடம் என்று யாரும் எழுதிவைக்காத சட்டம் ஒன்று உண்டு. சாயங்காலம் டீக்கடையில் பெரியப்பா மகனும் மற்றவர்களும் காத்திருக்கிறார்கள். மாடன் சைக்கிளை எடுக்கப் போகும்போது மறிக்கிறார்கள். அண்ணன் இசக்கியின் தோளில் கைபோட்டு, "ஏலே, நீ நம்ம பயதான? மொத அடி நீ குடு" என்கிறான்.

இசக்கி நடந்து போகிறான். மாடனைத் தாண்டிப் போகிறான். அவன் சைக்கிளை எடுக்கிறான், தூக்குகிறான், வீசுகிறான்.

இந்த வரிகளில் ஒரு யோசனையும் இல்லை. ஆனால் எனக்கு இரண்டு போராட்டமும் இங்கேதான் ஒன்றாயின. கூட்டத்துக்கு இது அடியைவிடப் பெரிய அடி, விசில் பறக்கிறது, அண்ணனுக்குத் திருப்தி, இனி யாரும் மாடன் மேல் கைவைக்கத் தேவையில்லை. அடிக்காமல் இருக்க இசக்கிக்குக் கிடைத்த ஒரே வழி அது. லெவின் சொன்ன தப்பி ஓடுதல்தான், எல்லாக் கதவையும் சாத்திய பிறகு கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த ஒரு சந்து வழியாக ஓடுகிறான். ஆனால் மாடனுக்கு? அவன் அப்பா ஆயுசுக்கும் வாங்கிக் கொடுக்க முடியாதிருந்த ஒரு பொருள், பாசி கோத்த பொருள், தண்ணீரில் போகிறது. நாலு அடி வாங்கியிருந்தால்கூட அவன் மறந்திருப்பான். சேக்காளியைக் காப்பாற்றியதும் சேக்காளிக்குத் துரோகம் செய்ததும் ஒரே கைவீச்சு. எது என்று இசக்கிக்கே தெரியாது. பேசாமல் பார்த்துக்கொண்டு நிற்கும் மாடனும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய கடமை உள்ளவன் இல்லை.

பெயர் கிடைப்பது

இதற்குப் பின்னால் பையன் உடைந்து அழுவான் என்றுதான் வாசகர் எதிர்பார்ப்பார். நானும் முதலில் அழவைத்தேன். எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர், சுமார் 12-லிருந்து 18 வரையான வயதின் பெரிய வேலையே 'நான் யார்' என்பதைத் திரட்டிக்கொள்வது என்றார். அதில் தோற்றுப்போகிறவர்கள், யாருமற்றவனாக இருப்பதற்குப் பதில் கெட்டவனாகவாவது இருந்துவிடலாம் என்று எதிர்மறை அடையாளம் ஒன்றை எடுத்துக்கொள்வதும் உண்டு என்றார். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் இதைக் கண்ணால் பார்க்கலாம். மறுநாள் காலையில் இசக்கிக்குப் பட்டப்பெயர் வந்துவிடுகிறது: 'வாய்க்காலு'. பிளஸ் டூ பையன்கள் அவனுக்குப் பஸ்ஸில் இடம் போடுகிறார்கள். அதே ஜன்னலோரம். அவன் உட்காருகிறான். காற்று நன்றாக வருகிறது, அவனுக்கு அது பிடிக்கவும் செய்கிறது. இந்தப் பிடித்தலை எழுதத்தான் எனக்குத் தைரியம் வேண்டியிருந்தது. குற்றவுணர்வு வருவதற்குத் தடையே இந்தச் சுகம்தான், அதை மறைத்துவிட்டு நேரே குற்றவுணர்வுக்குத் தாவினால் அது பிரசங்கம்.

அம்மா மூன்று நாள் ஒன்றும் கேட்கவில்லை. நாலாம் நாள் பீடித் தட்டை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு சைக்கிளுக்கு எத்தனை ஆயிரம் பீடி ஆகும் என்று விரல்விட்டுக் கணக்குப் போடுகிறாள். "அந்தப் பயலுக்குச் சைக்கிள் காசு நாங் குடுத்துருதேன். ஏன் செஞ்சேன்னு மட்டும் எங்கிட்டச் சொல்லிருய்யா." அவனால் சொல்ல முடியவில்லை. அடிக்காமல் இருக்கத்தான் செய்தேன் என்று சொன்னால் கோழை, அடிக்கத்தான் செய்தேன் என்றால் பொய். அந்த ராத்திரிதான் அவனுக்குத் தூக்கம் போகிறது. பிளஸ் டூ பையன் சொன்ன ராத்திரி.

நிறத்தைச் சொல்லாதது பற்றி

கயிற்றின் நிறத்தையும் சாதியின் பெயரையும் நான் எழுதவில்லை. சொன்னதும் வாசகர் இசக்கியை விட்டுவிட்டுக் கட்சி எடுக்கிறார், அதனால். எங்கள் கூட்டத்தில் ஒரு நண்பர் இதைக் கடுமையாக எதிர்த்தார். "நிறத்த மறைச்சா யாரு மேல, யாரு கீழங்கிறதும் மறைஞ்சிரும். ரெண்டு தெருவும் சமமா மோதிக்கிட்ட மாதிரி ஆயிரும். அது பொய்." அவர் சொன்னது சரி. பெயரைச் சேர்க்கவில்லை, ஆனால் ஏற்றத்தாழ்வைப் பக்கத்துக்குப் பக்கம் போட்டேன். வயல் யாருடையது, கூலி யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது, கொடையின்போது சப்பரம் எந்தத் தெரு முக்கில் திரும்பிவிடுகிறது, டீக்கடைக்காரர் யாரை "தம்பி" என்கிறார், யாரை "ஏய்" என்கிறார். இசக்கிக்குத் திரும்பிப்போக ஒரு தெரு இருக்கிறது, அவன் தப்புச் செய்தாலும் அந்தத் தெரு அவனைத் தாங்கும். மாடனுக்கு அப்படி இல்லை. இசக்கியின் உள்போராட்டம்கூட அவனுக்குக் கிடைத்த ஒரு வசதிதான் என்று நண்பர் சொன்னார். அதை முழுதாக ஒத்துக்கொள்கிறேனா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன், ஆனால் கதையை அந்தக் கண்ணோடும் ஒருமுறை திருத்தினேன்.

வெளியே எல்லாம் நின்றுபோன பிறகு

கதை 2019-ல் தொடங்குவதால் 2020 மார்ச் ஊரடங்கைத் தவிர்க்க முடியவில்லை. முதலில் இது எனக்குத் தலைவலியாகத்தான் தெரிந்தது. பள்ளிக்கூடம் இல்லை, பஸ் இல்லை, ஜன்னலோர சீட் இல்லை, கொடை இல்லை. பீடிக்கடை இலையும் தூளும் கொடுக்கவில்லை, அம்மா வெறும் மடியோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள். அப்பா மும்பையில் மாட்டிக்கொண்டார். இசக்கியை நெருக்கிய புறக்காரணங்களில் முக்கியமானவை ஒரே ராத்திரியில் நின்றுவிட்டன. அப்புறம்தான் புரிந்தது, இதைவிடச் சரியான சோதனை கிடைக்காது. வெளியே இருப்பதை எடுத்துவிட்டால் பையனிடம் மிச்சம் என்ன இருக்கிறது?

கயிறு மிச்சம் இருக்கிறது. யாரும் பார்க்கவில்லை, அண்ணனும் வீட்டை விட்டு வருவதில்லை, எந்த நாளும் ஒரு பிளேடு எடுத்து அறுத்துவிடலாம். இசக்கி அறுக்கவில்லை. குளிக்கும்போது சுற்றிச் சுற்றிப் பார்க்கிறான், அறுக்கவில்லை. இதை விளக்கி ஒரு வரிகூட எழுதாமல் விட்டிருக்கிறேன்.

பிசானம் அறுப்பு முடிந்து மார்ச் கடைசியோடு வாய்க்காலில் தண்ணீர் நிற்பது வழக்கம். சித்திரை பிறந்ததும் மடைக்குக் கீழே சேறு தெரிய ஆரம்பிக்கிறது. சேற்றிலிருந்து ஒரு ஹேண்டில்பார் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஓடும் தண்ணீர் ஒரு பொருளைக் கொண்டுபோனால் அது எங்கே போய்ச் சேரும் என்று எனக்கு வாய்க்கால் பாசனம் தெரிந்த என் பெரியப்பாதான் சொன்னார்: "தூரமெல்லாம் போகாது, மடையில தட்டி நின்னுரும்." அந்த ஒரு தகவலில்தான் இந்த முடிவு கிடைத்தது.

அவன் இறங்கி இழுக்கிறான். அரை நாள் ஆகிறது. செயின் இறுகிவிட்டது, சீட்டில் பாசி படிந்திருக்கிறது, ஸ்போக்ஸில் பிளாஸ்டிக் பாசிமணி நாலைந்து இன்னும் ஒட்டியிருக்கிறது. முழங்கை வரை கரும்சேறு, அதில் கயிறு எந்த நிறம் என்று தெரியவில்லை. சைக்கிளை உருட்டமுடியாமல் தோளில் தூக்கிக்கொண்டு மாடன் தெருவுக்குப் போகிறான். பிறந்ததிலிருந்து அந்தத் தெருவுக்குள் அவன் காலெடுத்து வைத்ததில்லை. மாடன் வெளியே வருகிறான். சைக்கிளைப் பார்க்கவில்லை, கையைப் பார்க்கிறான். வெகுநேரம் கழித்து, "கையக் கழுவுலே" என்கிறான்.

கதை அந்த இடத்தில் முடிகிறது. கழுவினால் நிறம் தெரியும். உள்ளே வா என்கிறானா, காட்டு பார்ப்போம் என்கிறானா, இரண்டுக்கும் இடம் வைத்திருக்கிறேன். முந்தின பிரதியில் இசக்கி கழுவுவதாகவும், கழுவும்போதே கயிறு இற்று விழுவதாகவும் எழுதியிருந்தேன். டீச்சர் ஒரு பார்வை பார்த்தார், எடுத்துவிட்டேன்.

கடைசிப் பிரதியையும் அந்தப் பிளஸ் டூ பையனிடம் கொடுத்தேன், இப்போது காலேஜ் போகிறான். படித்துவிட்டுப் போன் செய்தான். நன்றாக இருக்கிறது, இல்லை என்று ஒன்றும் சொல்லவில்லை. "ரெண்டு கையிலயும் சேறுல்லா சார். செம்பத் தொட முடியாது. அப்போ தண்ணி யாரு ஊத்துவா?" என்று கேட்டான்.

இது எனக்குத் தோன்றவே இல்லை. மாடனா, அவன் அம்மாவா, அல்லது செம்பைத் திண்ணையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார்களா. அந்தத் தெருவின் செம்பை இசக்கி வீட்டில் எப்படிப் பேசுவார்கள் என்று இசக்கிக்குத் தெரியும், மாடனுக்கும் தெரியும். கடைசிப் பக்கத்தை மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன்.